முத்து மோதிரம் விரலுக்கா, பீரோவுக்கா?

வணிகப் பெருமக்கள் இல்லங்களில் முத்து மோதிரம் இன்று சாதாரணமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் போடுவது, மணிவிழாத் தம்பதியருக்குப் பரிசாகக் கொடுப்பது, சோதிடர் சந்திரனுக்காகப் போடச் சொன்னார் என்று வாங்குவது என ஏதாவது ஒரு காரணத்தால் பல வீடுகளில் ஒன்று இருக்கிறது. ஆனால் அதை விரலில் காண்பதுதான் அரிது. வாங்கிய புதிதில் நாலு விசேஷத்துக்குப் போடுவார்கள். பிறகு முத்து ஆடுகிறது, நிறம் மங்கிவிட்டது, சேலையில் மாட்டுகிறது, விரலில் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிக் கழற்றி வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்த மோதிரத்தின் இடம் பீரோதான்.

பணம் கொடுத்து வாங்கிய பொருள் பயன்படாமல் கிடந்தால் வணிகனுக்கு மனம் பொறுக்காது. மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர் நகையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நமது சங்கத்தில் நகைக்கடை உறுப்பினர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குகிற மற்ற நாமும் இருக்கிறோம். இரு தரப்பும் படிக்கிற ஏடு இது. எனவே இங்கே எழுதுவதே பொருத்தம் என்று நினைக்கிறோம்.

நாம் சொல்ல வருவது இதுதான். நல்ல முத்து மோதிரம் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளப்பது அல்ல. போட்டவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே போட்டிருக்கக் கூடியதுதான் நல்ல மோதிரம். முத்தின் பளபளப்பை மட்டும் பார்த்து விற்பதும் வாங்குவதும் அரைகுறை வியாபாரம். முத்து உட்காரும் இருக்கை, அதைப் பிடித்திருக்கும் ஆணி, விரலைச் சுற்றியுள்ள வளையம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பில்லிலும் எழுத வேண்டும்.

முத்து கல் அல்ல

நவரத்தினங்களில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதால் முத்தையும் வைரம், மாணிக்கம் போன்ற ஒரு கல்லாக நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சங்கடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முத்து சிப்பிக்குள் படலம் படலமாக வளர்ந்த சுண்ணாம்பு வகைப் பொருள். அந்தப் படலங்களை உயிர்ப்பொருள் ஒன்று பசைபோல ஒட்டிப் பிடித்திருக்கிறது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, மாணிக்கம் 9. முத்து இரண்டரைக்கும் நாலரைக்கும் இடையில்தான் நிற்கிறது. சாதாரண மணல் 7. அதாவது பருப்பு மூட்டையைப் பிரிக்கும்போது வரும் தூசியில் உள்ள மண்ணே முத்தைக் கீறப் போதுமானது.

இன்னொன்று, சுண்ணாம்பு வகை என்பதால் புளிப்பு அதற்கு ஆகாது. முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். எலுமிச்சை, புளி, வினிகர், வியர்வை ஆகியவை மெல்ல மெல்ல முத்தின் மேல்தோலை அரிக்கும். மஞ்சளும் எண்ணெயும் துளை வழியாக உள்ளே இறங்கிக் கறையாகும். சென்ட்டும் தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயும் மங்கலாக்கும். சலவைத் தூளும் பிளீச்சிங் பவுடரும் இன்னும் மோசம்.

இப்போது மளிகைக் கடைக்காரர் ஒருவரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஷட்டரைத் தூக்குகிறார். மூட்டையைப் புரட்டுகிறார். புளியை உதிர்த்து நிறுக்கிறார். மிளகாய், மஞ்சள், உப்பு எல்லாம் அள்ளுகிறார். நூறு தடவை கல்லாவைத் திறந்து மூடுகிறார். நம் இல்லத்தரசிகள் அடுப்படியில் செய்யும் வேலையும் இதற்குக் குறைந்ததல்ல. காதிலும் கழுத்திலும் போடும் முத்துக்கு இந்தத் துன்பம் எதுவும் இல்லை; அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். மோதிரத்து முத்துதான் நம்மோடு சேர்ந்து வேலைக்கு வருகிறது. ஆகவே தோட்டில் நன்றாக இருக்கிற அமைப்பு மோதிரத்துக்கும் ஆகும் என்று நினைப்பது தவறு.

இருக்கை தாழ்ந்திருக்க வேண்டும்

முதலில் பார்க்க வேண்டியது உயரம். 8 மில்லிமீட்டர் முத்தை உயரமான ஒரு கிண்ணத்தின் மேல் நிறுத்தினால் விரலுக்கு மேலே ஒரு சென்டிமீட்டருக்குமேல் எழும்பி நிற்கும். கடையில் பார்க்கும்போது அது எடுப்பாகத்தான் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு சட்டைப் பையில் கை விட்டால் மாட்டும். தராசுத் தட்டில் இடிக்கும். முத்து விரலோடு ஒட்டித் தாழ்ந்து உட்கார்ந்தால் இந்தத் தொல்லைகளில் பாதி தீர்ந்தது.

அடிப்பக்கம் தட்டையாக உள்ள பொத்தான் வடிவ முத்துகள் கிடைக்கின்றன. முழு உருண்டையைவிட இவற்றின் விலை பெரும்பாலும் குறைவு. மாலைக்கு வேண்டுமானால் உருண்டைதான் அழகு. மோதிரத்திலோ முத்தின் அடிப்பகுதி கிண்ணத்துக்குள் மறைந்துவிடுகிறது. மறைகிற பாகத்தின் உருண்டைக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்? தட்டை முத்து தாழ்ந்து உட்காரும், விலையும் குறையும், ஆட்டமும் குறையும்.

அடுத்தது காவல். முத்தின் இரு பக்கமும் வளையத்தின் தோள்கள் சற்று உயர்ந்து வந்து அணைத்தாற்போல் இருந்தால், இடி வந்தாலும் முதலில் தங்கம்தான் வாங்கும், முத்து தப்பிக்கும். தங்கம் நெளிந்தால் ஆசாரி நிமிர்த்திக் கொடுப்பார். முத்து கீறினால் நிமிர்த்த ஆள் கிடையாது. நகம்போல் நாலு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் வைரத்துக்குச் சரி. முத்தின் மேல் அவை உராய்ந்து தழும்பு உண்டாக்கும். சாக்கு நூலும் சேலை நூலும் அவற்றில்தான் சிக்கும். எனவே கொக்கி இல்லாத, ஓரங்கள் மழுங்கிய அமைப்பே உழைக்கிற கைக்கு ஏற்றது.

ராசிக்காகப் போடுகிறவர்கள் அடி திறந்து, முத்து தோலில் படும்படி கேட்கிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்த வழியாக வியர்வையும் ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டு, அடிக்கடி துடைத்துப் போட வேண்டும்.

ஆணியில்தான் உயிர் இருக்கிறது

நமக்கு வேண்டிய சில்லறை வணிகர் ஒருவரின் மோதிரத்திலிருந்து, வாங்கிய நாலாம் மாதம் முத்து கழன்று விழுந்தது. விழுந்த இடம் ஜவ்வரிசி மூட்டை! குடும்பமே உட்கார்ந்து சல்லடை போட்டுச் சலித்து எடுத்தார்கள். ஜவ்வரிசி சிறிது, முத்து பெரிது என்பதால் சல்லடையில் தங்கிவிட்டது. விற்ற கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, முத்துக்குக் கியாரண்டி கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பிறகு பழைய ஆசாரி ஒருவரிடம் காட்டினார். அவர் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். ஆணி குட்டை, அதுவும் வழவழப்பாக இருந்தது. முத்து அத்தனை நாளும் வெறும் பசையில்தான் நின்றிருக்கிறது.

மோதிரத்துக்கான முத்தில் ஒரு பக்கம் மட்டும் துளை இடுவார்கள். அந்தத் துளை பாதிக்கு மேல், முக்கால்வாசி ஆழம் வரை போக வேண்டும். கிண்ணத்தின் நடுவிலிருந்து எழும் ஆணி அந்தத் துளையை முழுவதும் நிரப்ப வேண்டும். ஆணி வழவழப்பாக இல்லாமல் முறுக்கியதாகவோ, மரை போட்டதாகவோ, கீறிச் சொரசொரப்பாக்கியதாகவோ இருந்தால்தான் பசை பிடிக்கும். கிண்ணத்தின் குழிவும் முத்தின் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் அங்கே அழுக்கும் சோப்புத் தண்ணீரும் தங்கிப் பசையை இளக்கிவிடும்.

வாங்கிய பிறகு ஆணியைப் பார்க்க முடியாது. அதனால் முத்தை ஒட்டும் முன்பே காட்டச் சொல்ல வேண்டும். ஆர்டர் கொடுத்துச் செய்கிறவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. தயாராக இருக்கும் மோதிரத்தை வாங்குகிறவர்கள் இரண்டு விரலால் முத்தைப் பிடித்து மெல்லத் திருகிப் பார்க்கலாம். இம்மி அசைந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

வளையத்தை ஆசாரி பெரிதாக்கவோ சிறிதாக்கவோ நேர்ந்தால், முத்தைக் கழற்றிய பிறகுதான் நெருப்பைக் காட்ட வேண்டும். சூடு பட்டால் முத்து பழுத்துக் கருகிவிடும். நல்ல ஆசாரிகளுக்கு இது தெரியும். அவசரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

விரலுக்கேற்ற வீக்கம்

தலையில் முத்து, அடியில் நூல்போல ஒரு கம்பி என்று செய்தால் தலை கனத்து மோதிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். முத்து உள்ளங்கைப் பக்கம் வந்துவிடும். அப்புறம் அது படாத இடமில்லை. பெரிய முத்து வேண்டுமென்றால் வளையத்துக்கும் அதற்கேற்ற கனம் வேண்டும். கனம் வேண்டாமென்றால் முத்தைச் சிறிதாக்க வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது மோதிரத்துக்கு அப்படியே பொருந்துகிறது. வேலை செய்கிற கைக்கு 6 அல்லது 7 மில்லிமீட்டர் முத்து போதும் என்பது நமது கருத்து. வளையத்தின் அடிப்பாகம் சற்றே தட்டையாக இருந்தால் சுற்றுவது இன்னும் குறையும்.

அளவு எடுப்பதிலும் கவனம் தேவை. காலைக் குளிரில் விரல் சிறுத்திருக்கும். பகல் வெயிலில் வேலை செய்தபின் வீங்கியிருக்கும். எனவே மாலை நேரத்தில் அளவு எடுப்பது நல்லது. அகலமான வளையத்துக்கு அளவு ஒரு சிறிது கூட வைக்க வேண்டும். விரல் முட்டியைத் தாண்டும்போது லேசாகத் திருகினால்தான் ஏற வேண்டும். ஏறிய பின் இறுக்கக் கூடாது. வலது கை வேலைக்காரர்கள் இடது கையில் போட்டால் முத்தின் ஆயுள் கூடும்.

தங்கம் 22 காரட்தான் வேண்டும் என்று நம்மவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். விற்கும்போது விலை போகும் என்ற கணக்கு நமக்கும் புரிகிறது. ஆனால் 22 காரட் மெதுவானது. மெல்லிய வளையமும் ஆணியும் அதில் சீக்கிரம் நெளியும். தினசரி போடுகிற முத்து மோதிரத்துக்கு 18 காரட் உறுதியானது. அதற்கும் ஹால்மார்க் முத்திரை உண்டு. 22 காரட்தான் வேண்டும் என்றால் வளையத்தைக் கெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள்.

எந்த முத்து?

தூத்துக்குடி முத்து என்றால் நம்மவர்களுக்குத் தனிப் பெருமை. கொற்கைக் காலம் தொட்டு வந்த பெருமை அது. ஆனால் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் 1893-ல் அரைவட்ட முத்து ஒன்றைச் சிப்பியில் வளர்த்து எடுத்தார். அதிலிருந்து வளர்ப்பு முத்துத் தொழில் பெருகியது. நம் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். இன்று கடைகளில் நாம் காண்பவை ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள்தாம். அவற்றில் பெரும்பகுதி சீனாவின் நன்னீர் முத்துகள். கடலே இல்லாத ஐதராபாத்தில் முத்துக் கடைகள் நிறைந்திருப்பதும் வெளியிலிருந்து வரும் முத்தைத் துளையிட்டுக் கோக்கும் கைத்திறனால்தான். வளர்ப்பு முத்து போலி அல்ல, சிப்பியில் விளைந்ததுதான். கண்ணாடி, பிளாஸ்டிக் மணிமேல் பூச்சுப் பூசியதுதான் போலி. முன்பல்லின் ஓரத்தில் மெல்லத் தேய்த்தால் முத்து நறநறவென்று இருக்கும். போலி பெரும்பாலும் வழுக்கும். ஆனால் இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது; அதற்கு எக்ஸ்ரே சோதனை வேண்டும். ஆகவே சோதனைச் சீட்டு இல்லாமல் ஒருவர் இயற்கை முத்து என்று சொல்லிப் பெருவிலை கேட்டால் யோசிக்க வேண்டும்.

மோதிரம் வாங்குகிறவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி படலத்தின் கனம். கடல் வளர்ப்பு முத்தின் நடுவில் சிப்பி ஓட்டில் கடைந்த ஒரு மணி இருக்கும். அதன் மேல்தான் முத்துப் படலம். சீக்கிரம் அறுவடை செய்தால் படலம் மெல்லியதாக இருக்கும். தோட்டில் அது பல காலம் தாங்கும். மோதிரத்திலோ உராய்ந்து உராய்ந்து உள்மணி தெரிய ஆரம்பிக்கும். நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவற்றில் நடுமணி கிடையாது. உள்ளே வரை படலம்தான். பளபளப்பில் அவை ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியலாம், விலையும் குறைவுதான். ஆனால் கைவேலை செய்கிறவர் விரலில் அவை நன்றாக உழைக்கும். விலை கூடியதுதான் உழைக்கும் என்பதில்லை என்பதை அரிசி, பருப்பு விற்கிற நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய முத்து வணிகத்தில் எடையை அதே எடையால் பெருக்கி விலை கட்டினார்கள். எடை இரண்டு மடங்கானால் விலை நான்கு மடங்கு. அரிய பொருளுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் நாலு மடங்கு விலை கொடுத்ததற்காக மோதிரம் நாலு மடங்கு நாள் விரலில் நிற்காது. அளவு கூடக் கூட இடியும் கூடும்.

பில்லில் என்ன எழுதுகிறார்கள்?

நாம் 100 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட் போட்டால் நிகர எடை, தயாரித்தவர் முகவரி, தேதி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அதிகாரி வந்து அபராதம் போடுவார். பல ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் மோதிரத்தின் பில்லில் முத்தைப் பற்றி என்ன இருக்கிறது? பல இடங்களில் ‘முத்து மோதிரம் 1’ என்பதோடு சரி.

தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எண்ணும் அவசியம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த முத்திரை தங்கத்தின் மாற்றுக்குத்தான் சாட்சி. அதில் உட்கார்ந்திருக்கும் முத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. மேலும் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அந்த முத்திரையும் கட்டாயமில்லை. பெண்களுக்கான மெல்லிய மோதிரங்கள் சில இந்தக் கணக்கில் வந்துவிடும்.

எடை விஷயத்தையும் பாருங்கள். 7 மில்லிமீட்டர் உருண்டை முத்து ஏறக்குறைய அரை கிராம் இருக்கும். மொத்த எடையில் அதைக் கழிக்காமல் பில் போட்டால், அரை கிராம் முத்துக்குத் தங்க விலை கொடுக்கிறோம். அதன்மேல் சேதாரமும் கொடுக்கிறோம். முத்துக்குத் தனி விலை வேறு போட்டிருந்தால் ஒரே முத்தை இரண்டு முறை வாங்கியதாக ஆகும். சாக்கு எடையைக் கழிக்காமல் நாம் சரக்கு கொள்முதல் செய்வோமா? அதே மோதிரத்தைத் திருப்பி விற்கப் போனால் முத்தைக் கழற்றிவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுகிறார்கள். விற்கும்போது கழிக்கிற எடையை வாங்கும்போதும் கழிப்பதுதானே நியாயம்?

நகைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் பேசினோம். “கேட்டால்தானே காட்ட முடியும், அண்ணாச்சி? வருகிறவர்கள் எடை என்ன, சேதாரம் எவ்வளவு குறைப்பீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறார்கள். ஆணியைக் காட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை” என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உறுதியான ஆணியும் கெட்டியான வளையமும் வைத்தால் கூலியும் தங்கமும் கூடும். அதைப் புரிந்துகொண்டு கொடுக்கிற வாடிக்கையாளர் இருந்தால்தான் நல்ல வேலை நிலைக்கும். நேர்மையாகச் செய்கிறவரும் ஒப்புக்குச் செய்கிறவரும் ஒரே மாதிரி பில் போட்டால், நஷ்டப்படுவது நேர்மையாகச் செய்கிறவர்தான். கலப்படக்காரனோடு போட்டி போட்டு நாம் படும் பாட்டை நினைத்தால் இது விளங்கும்.

எனவே நகைக்கடை உறுப்பினர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். முத்து மோதிரப் பில்லில் ஆறு விவரங்களை எழுதுங்கள். முத்து நன்னீரா, கடலா, வளர்ப்பா, இயற்கையா, சாயம் ஏற்றியதா, இல்லையா, மில்லிமீட்டரில் அளவு, முத்தின் எடை தனி, தங்கத்தின் நிகர எடை தனி, முத்து கழன்றால் எத்தனை மாதத்துக்குள் கூலி இல்லாமல் ஒட்டித் தரப்படும் என்பது. இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாலு கடைகள் தொடங்கினால் மற்றவர்களும் வருவார்கள். வாங்குகிற உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம். இந்த ஆறையும் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுக்கிற கடைக்கே போங்கள். அதற்காக நூறு இருநூறு கூடினாலும் முகம் சுளிக்காதீர்கள்.

வாங்கியபின் செய்ய வேண்டியது அதிகமில்லை. சென்ட், பவுடர் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக மோதிரத்தைப் போடுங்கள். வீடு திரும்பியதும் முதலில் அதைக் கழற்றுங்கள். புளி கரைக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, மற்ற நகைகளோடு உரசாமல் தனித் துணியில் சுற்றி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஆசாரியிடம் காட்டி ஆணியைச் சரிபாருங்கள்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் நம்மில் எத்தனையோ பேர் மோதிரம் எடுக்கக் கடைக்குப் போவோம். தராசைப் பார்ப்பதற்கு முன் மோதிரத்தைப் பெண்ணின் விரலில் போட்டு, கையை மடக்கச் சொல்லுங்கள். சேலை முந்தானையை ஒரு முறை இழுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு பையைத் தூக்கச் சொல்லுங்கள். மாட்டாமல், சுற்றாமல், இடிக்காமல் இருந்தால் பில் போடச் சொல்லலாம்.